மலையகத்தில் இருந்து ஒரு சின்ன வெளிநாட்டுப் பயணம்: ஊரையும் வேகத்தையும் முடிவு செய்வது எப்படி

ஐந்து நாள், ஆறு நாள் லீவு கிடைத்தால் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறவர்கள் இப்போது மலையகத்தில் நிறையப் பேர். ஆசிரியர்கள், வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் வேலை செய்கிறவர்கள், சீட்டு எடுத்த காசில் அம்மா அப்பாவை ஒருமுறையாவது விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் என்று பல பேர். இணையத்தில் கிடைக்கும் பயண அட்டவணைகளோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால் இந்த வழிகாட்டியை நம் வீட்டு வாசலில் இருந்தே தொடங்குகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், டிக்கட் போடுகிறார்கள், பிறகு அந்த நாட்களுக்குள் எல்லா இடத்தையும் அடக்கப் பார்க்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வேகத்துக்கு ஒத்துவரும் ஊரைப் பிறகு தேடுங்கள்.

வாசலில் இருந்து நாட்களை எண்ணுங்கள்

லீவு எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, அதில் இருந்து போக்குவரத்து நேரத்தைக் கழியுங்கள். ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வளைவுகளில் வேன் இறங்குவதற்கே நான்கு மணி நேரம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் கட்டுநாயக்க. நுவரெலியாவில் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும். கண்டிக்காரர்களுக்குப் பாடு லேசு. கொழும்புக்குள் நுழையாமலே நீர்கொழும்புப் பக்கம் போய்விடலாம். பண்டாரவளை, அப்புத்தளை ஆட்கள் வழக்கமாக பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக இறங்குகிறார்கள். வெல்லவாய பக்கம் இறங்கி அம்பாந்தோட்டைக்கு அருகே தெற்கு அதிவேக வீதியைப் பிடித்தால் தூரம் கூடும், ஆனால் வெல்லவாய தாண்டியதும் வளைவு இல்லை. அந்த வீதியில் இருந்து வெளிச்சுற்று வீதியில் ஏறி, அப்படியே கட்டுநாயக்க அதிவேக வீதிக்குப் போய்விடலாம். வேனில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த வழி நல்லது.

விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஹட்டன்காரருக்கு ஒருமணி நேர விமானப் பயணம் என்றாலும் வாசலில் இருந்து கணக்குப் பார்த்தால் அது ஒரு முழு நாள். திரும்பி வர இன்னொரு நாள். ஐந்து நாள் லீவு என்றால் கையில் இருப்பது மூன்று நாள். முதலில் இதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரவு பத்து மணிக்கு வேன் ஏறி, விடிகாலை விமானத்தைப் பிடிப்பது நம்மவர்களின் வழக்கம். ஒரு நாள் மிச்சம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நாளும் மிச்சமாவதில்லை. தூங்காத உடம்போடு போய் இறங்கி, முதல் நாள் முழுவதும் அறையில் படுத்திருப்போம். படுக்காமல் அலைந்தால் இரண்டாம் நாள் யாருக்காவது காய்ச்சல் வரும். வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால், முந்திய நாளே இறங்கி நீர்கொழும்பில் ஒரு சாதாரண அறையில் தூங்குங்கள். அந்த ஓர் இரவுக்குக் கொடுக்கும் காசுதான் முழுப் பயணத்திலும் பிரயோசனமான காசு என்பது என் எண்ணம்.

மழையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனை பக்கம் தென்மேற்கு மழை. ஆண்டின் கடைசி மாதங்களில் பதுளைப் பக்கம் மழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் எத்தனை இடத்தில் உடைந்தன என்பது நமக்குத் தெரியும். மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும் வாரத்தில் விமானத்துக்கு முந்திய நாள் காலையிலேயே இறங்கிவிடுவது நல்லது. அப்புறம், சிவனொளிபாதமலை சீசனில், அதாவது டிசம்பர் போயாவில் இருந்து வெசாக் வரை, வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் ஹட்டன் வீதி நிறைந்திருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவுக்கும் இதே நிலைமைதான். அந்த நாட்களில் இரண்டு மணி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட வருகிறவர்களில் யார் மெதுவாக நடப்பார்?

ஒரு குடும்பத்தின் வேகம் அதில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான். மற்றவர்கள் எவ்வளவு வேகமாக நடந்தாலும் கடைசியில் வாசலில் நின்று காத்திருக்கத்தான் போகிறார்கள். நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மாவோ அப்பாயியோ. பல வருடம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் வலிக்கும், ஆனால் கேட்டால் "ஒண்ணுமில்ல, நடப்பேன்" என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் செலவு செய்து கூட்டிப்போகிறார்களே என்ற எண்ணத்தில் வலியை மறைத்துக்கொள்வார்கள். ஆகவே அவர்களிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். டவுனுக்குப் போய் வரும் நாளில் எத்தனை முறை உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அதுதான் உங்கள் பயணத்தின் அளவு.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டிக்கட் போடும்போதே சொல்லிவிட்டால் விமான நிறுவனம் ஏற்பாடு செய்யும், தனிக் கட்டணம் இல்லை. நீண்ட வரிசைகளில் நிற்பது இதனால் குறையும்.

இன்னொன்று வெயில். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சாதாரண நாளின் வெப்பம் 16 பாகை அளவு. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த உடம்பைக் கொண்டுபோய் 36, 38 பாகையில் நிறுத்தினால், முதல் இரண்டு நாளும் தலைவலியும் மயக்கமும் வருவது இயல்பு. கொழும்பு ஆட்களுக்கு எழுதிய அட்டவணை நமக்குச் சரிவராததற்கு இதுவும் ஒரு காரணம். மதியம் பன்னிரண்டில் இருந்து நான்கு வரை அறையில் இருக்க வேண்டும் என்பதை எழுதப்பட்ட விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

கோயிலுக்கா, சொந்தக்காரர்களைப் பார்க்கவா, துணி வாங்கவா, பிள்ளைகளுக்கு ஒரு பெரிய நகரத்தைக் காட்டவா, இல்லை சும்மா படுத்து எழும்பவா? மூன்று நாளில் இதில் ஒன்று முழுசாக நடக்கும், இன்னொன்று கொஞ்சம் நடக்கும். எல்லாமும் வேண்டும் என்றால் எதுவும் நடக்காது. பேச்சில் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பதால்தான் தாளில் எழுதச் சொல்கிறேன்.

நம் ஊரில் கிடைப்பதைத் தேடி விமானம் ஏற வேண்டாம் என்பதும் என் உறுதியான கருத்து. ஊட்டி, மூணாறு, மலேசியாவின் கேமரன் மலை எல்லாம் அழகான இடங்கள்தான். ஆனால் தேயிலையும் பனியும் குளிரும் நம் ஜன்னலுக்கு வெளியே இருக்கின்றன. மூன்றே நாள் இருக்கும்போது ஒரு நாளை மலை ஏறி இறங்குவதில் செலவழிப்பது வீண். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் சொந்தம் இருந்தால் மட்டும் கதை வேறு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல அந்த மலைகளில்தான் குடியேறின. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களை நடத்தியது. பெரியப்பாவின் பிள்ளைகளை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் அதை மட்டும் செய்யுங்கள். கோயமுத்தூரில் இறங்கி நேராக அங்கே போங்கள். நீலகிரிக்குள் வாகனம் நுழைய இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை அங்குள்ளவர்களிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வழியில் மதுரையையும் பழனியையும் சேர்க்காதீர்கள்.

வேகத்துக்கு இரண்டு விதிகள் போதும்

மூன்று இரவுக்கு ஒரே படுக்கை. இதுதான் முதல் விதி. ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு அறை மாற்றினால் அரை நாள் போய்விடும். பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, வண்டி பிடித்து, புது அறை கொடுக்கும் நேரம் வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். நான்கு இரவு இருந்தாலும் ஒரே ஊர்தான். ஐந்து இரவு இருந்தால் இரண்டாவது ஊரைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது விதி: ஒரு நாளில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். இடையில் உள்ள நேரம் வெறும் நேரம் இல்லை. பிள்ளைகள் ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் புது பிஸ்கட் தேடுவதும், அம்மா பக்கத்து அறை ஆளோடு ஊர் விசாரிப்பதும் அப்போதுதான் நடக்கும்.

நம் ஊர்களில் இருந்து புறப்படும் யாத்திரைக் குழுக்கள் பல, பத்துப் பன்னிரண்டு நாளில் இருபது கோயிலுக்கு மேல் காட்டுகின்றன. தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்கு அவை ஒரு துணை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கட்டுவதற்கு முன்னால் எத்தனை முறை அறை மாறுகிறோம், ஒரு நாளில் பஸ்ஸில் எத்தனை மணி நேரம், காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். "விசிட்டில் போங்க, அங்கே வேலை எடுத்துத் தாறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

இப்போது ஊரைத் தேடுங்கள்

*திருச்சி.* முதல் பயணம், வயதானவர்கள் கூட வருகிறார்கள், கோயில்தான் நோக்கம் என்றால் நான் சென்னையைச் சொல்ல மாட்டேன், திருச்சியைச் சொல்வேன். கட்டுநாயக்கவில் இருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேர வித்தியாசம் இல்லை. விமான நிலையம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. இறங்கி அரை மணி நேரத்தில் அறைக்குப் போய்விடலாம். ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நம் தோட்டங்களில் தேர் இழுத்துக் கும்பிடும் மாரியம்மனுக்குச் சமயபுரத்தில் பெரிய கோயில், நகரத்தில் இருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவு. தஞ்சாவூர் ஒன்றேகால் மணி நேரத்தில். நம் தாத்தாக்களில் பலர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து புறப்பட்டவர்கள். பிறப்புச் சான்றிதழிலோ பழைய கடிதத்திலோ கிராமத்தின் பெயர் இருந்தால் ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். அங்கே யாரும் இல்லாமல் போனாலும் அந்த மண்ணைப் பார்த்துவிட்டு வரலாம்.

கோயில் பயணத்தின் வேகத்தைக் கோயிலே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கின்றன. அதைத் தெரியாமல் பதினொன்றரைக்குப் புறப்பட்டால் பூட்டிய வாசலில் வெயிலில் உட்கார வேண்டியதுதான். காலை ஆறு மணிக்குப் போனால் கல் சுடாது, கூட்டமும் குறைவு. செருப்பில்லாமல் மதிய வெயிலில் அந்தக் கல்லில் நடந்தால் நம் கால்கள் தாங்காது. திருவானைக்காவலில் மட்டும் உச்சிக்கால பூஜையைப் பார்ப்பதற்காக மதியம் வரை இருக்கலாம். அர்ச்சகர் சேலை உடுத்தி அம்பாளாக வந்து ஈசனுக்குப் பூஜை செய்யும் அந்தக் காட்சிக்காக ஒரு நாள் வெயிலைப் பொறுத்துக்கொள்வதில் தப்பில்லை. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது. அதற்குக் காலை ஆறரைக்குத் திருச்சியை விட்டுப் புறப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மதுரைக்கும் கொழும்பில் இருந்து விமானம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் இரண்டு நாளுக்குப் போதும். அங்கிருந்து இராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் அளவு. ஒரே நாளில் போய் வருவது இளையவர்களுக்கு முடியும், அப்பாயிக்கு முடியாது. சென்னை துணிக்கும் நகைக்கும் வைத்தியத்துக்கும் சரி. ஓய்வுக்கு அது ஊரல்ல.

வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போக நினைக்கும் குடும்பங்கள் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலைப் பற்றியும் யோசிக்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்கும் இடத்தில் இருந்து இரண்டு தலங்களும் பக்கம். ஆனால் ஹட்டனில் இருந்து காங்கேசன்துறை கட்டுநாயக்கவைவிடத் தூரம், வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி ஆறுதலாகப் போகிறவர்களுக்கே அது சரி.

*கோலாலம்பூர்.* பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நான் இரண்டாவதாகச் சொல்வது இது. விமானத்தில் மூன்றரை மணி நேரம் அளவு. கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நள்ளிரவு விமானத்தில் ஏறினால் அந்தத் தூக்கமும் போய்விடும், ஆகவே கூடிய வரை பகல் விமானம் பாருங்கள். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் இட்லியும் வாழையிலைச் சாப்பாடும் தமிழில் பேசும் கடைக்காரரும் நடை தூரத்தில் இருப்பார்கள். அங்கிருந்தே பத்துமலைக்கு ரயில் போகிறது. முருகன் சிலை 42.7 மீட்டர், குகைக்கு 272 படி. முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே இருந்து கும்பிடலாம். இரட்டைக் கோபுரத்தை மாலையில் வெளிச்சம் போட்ட பிறகு வெளியில் இருந்து பாருங்கள், பிள்ளைகளுக்கு அதுவே போதும். அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலானோரின் பாட்டன்மார் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள். லயத்துக் கதை பேசத் தொடங்கினால் நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றாக இருக்கும். தைப்பூச வாரத்தில் போவதானால் பல மாதம் முன்னாலேயே அறை எடுக்க வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

*சிங்கப்பூர்.* இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாத நாடு. போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயிலில் போவது எளிது, மூன்று நாளில் முழுசாகப் பார்த்துவிடலாம். ஆனால் அறையும் சாப்பாடும் விலை. ஐந்து பேர் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்குச் சரி.

*பாங்கொக்* இளையவர்களுக்கும் கடைக்குப் போகிறவர்களுக்கும். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்குக் கஷ்டம். *மாலைதீவு* ஒன்றரை மணி நேரம், வந்திறங்கியதும் இலவசமாக விசா. மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகளில் விருந்தினர் இல்லங்களில் தங்கினால் செலவு அடங்கும். ஒன்றுமே செய்யாமல் கடலைப் பார்த்திருக்க விரும்பும் இரண்டு பேருக்கு நல்ல இடம். கோயிலும் கடையும் தேடும் குடும்பத்துக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும். *நேபாளம்* சார்க் நாட்டவருக்கு ஆண்டில் முதல் தடவை விசாக் கட்டணம் இல்லாத இடம், பசுபதிநாதர் இருக்கிறார். ஆனால் ஐந்து நாளுக்கு அது அவசரம்.

மாதம்

ஊரை முடிவு செய்த பிறகு மாதத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு தைப்பொங்கல் முடிந்து பெப்ரவரி வரை நல்ல காலம். மலையகத்து ஆசிரியர்களுக்கு அப்போது லீவு கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஏப்ரல் விடுமுறையில் போனால் வெயில் உச்சத்தில் இருக்கும், புத்தாண்டு என்பதால் டிக்கட்டும் ஏறும். ஆகஸ்ட் விடுமுறை பரவாயில்லை. வெயில் இருக்கும், ஆனால் ஏப்ரல், மே அளவுக்கு இல்லை. டிசம்பர் விடுமுறையில் முதல் பாதியில் சென்னைப் பக்கம் மழையும் புயலும் வரலாம். பிற்பாதி மார்கழி, விடிகாலைக் கோயிலுக்கு அருமையான காலம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் ஒரே வெக்கையும் இடையிடையே மழையும்தான், மாதம் பார்க்கத் தேவையில்லை. மாலைதீவுக்கு மட்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

காகிதங்களை எந்த வரிசையில் செய்வது

கடவுச்சீட்டுதான் முதல். டிக்கட் விலை குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னாலும் கடவுச்சீட்டு கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். நம் மக்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், பிறந்த திகதி ஒரு நாள் தள்ளியிருக்கும். இது அந்தக் காலத்தில் எழுதியவர்களின் தவறு, ஆனால் அலைவது நாம்தான். திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே குடும்பத்தில் எல்லோருடைய காகிதங்களையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இதைப் பயணத்துக்கு ஆறேழு மாதத்துக்கு முன்னால் செய்யுங்கள்.

பத்தரமுல்லைக்குப் போகாமல் கண்டி கிளை அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். இணையத்தில் விண்ணப்பித்து, குறிப்பிட்ட பிரதேச செயலகங்களில் விரல் அடையாளம் கொடுக்கும் முறையும் 2023இல் இருந்து இருக்கிறது. போட்டோவை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே கடவுச்சீட்டு இருப்பவர்கள், பயண நாளில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

இரண்டாவது லீவு. ஆசிரியர்களும் அரசாங்க வேலையில் இருப்பவர்களும் வெளிநாடு போக முன் அனுமதி எடுக்க வேண்டும். அதிபர் கையெழுத்துப் போட்டு, வலயக் கல்வி அலுவலகம் போய்த் திரும்பி வரக் காலம் எடுக்கும். உள்நாட்டு லீவு மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு விசாரணை, சம்பளப் பிரச்சினை என்று வருவதைவிட முன்னாலேயே எழுதிக் கொடுப்பது நிம்மதி.

மூன்றாவது விசா. இந்தியாவுக்கு இணைய விசா போதும். கடவுச்சீட்டின் விபரப் பக்கமும் வெள்ளைப் பின்னணிப் போட்டோவும் தெளிவாக இருக்க வேண்டும். இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் கூடுதல் காசு வாங்குகின்றன. முகவரியின் கடைசிப் பகுதி அரசாங்கத் தளத்துக்குரியதா என்று பார்த்து நிரப்புங்கள். வேறு உதவி வேண்டுமென்றால் கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. மலேசியாவுக்கும் இணைய விசா எடுக்க வேண்டும், கூடவே டிஜிட்டல் வருகை அட்டை. தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையரை விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் இப்படியான விதிகள் அடிக்கடி மாறும். டிக்கட்டுக்கு முன்னால் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

கடைசியில்தான் டிக்கட். காலையில் போய் மாலையில் திரும்பும் விமானங்களைத் தேடுங்கள். மலிவு டிக்கட்டில் பெட்டி எடை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இருந்து சேலையும் பாத்திரமும் வாங்கி வரும் நமக்கு, திரும்பி வரும்போதுதான் எடை தேவை. போவதற்குக் குறைந்த எடையும் வருவதற்குக் கூடிய எடையும் எடுத்தால் கட்டுப்படியாகும். இந்தியாவில் ரயிலில் போக நினைத்தால் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. நல்ல ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

காசு

செலவுக் கணக்கில் வேன் வாடகையையும் நீர்கொழும்பு அறையையும் சேர்த்து எழுதுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு டிக்கட்டை மட்டும் பார்ப்பதால்தான் பயணத்தின் நடுவில் கை சுருங்குகிறது. நகையை அடகு வைத்துப் போக வேண்டிய நிலை என்றால் அடுத்த வருடம் போகலாம். அதே காசில் நாட்களைக் குறைத்து அறையை நல்லதாக எடுப்பது, நாட்களைக் கூட்டி மோசமான அறையில் தங்குவதைவிட மேல். தமிழ்நாட்டில் தேநீர்க்கடையில்கூட போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். நம் போனில் அது பெரும்பாலும் வேலை செய்யாது, ஆகவே சின்ன நோட்டுகளாகக் கையில் காசு வைத்திருங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி புறப்படும் முன்னால் வங்கியில் சொல்லுங்கள்.

ஒரு மாதிரி: ஹட்டன் குடும்பம், ஆறு நாள், திருச்சி

அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அப்பாயி.

முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு, கித்துல்கலவில் நிறுத்தி மதியச் சாப்பாடு, பின்னேரம் நீர்கொழும்பு. பிள்ளைகள் கடற்கரைக்கு, அப்பாயி படுக்கைக்கு. இரண்டாம் நாள் காலை விமானம், மதியம் திருச்சி அறை, எல்லோரும் தூக்கம். மாலையில் மலைக்கோட்டை பஜார் வரை மட்டும். உச்சிப்பிள்ளையாரைப் பிள்ளைகளும் அப்பாவும் ஏறிப் பார்க்கட்டும், அம்மாவும் அப்பாயியும் கீழே மாணிக்க விநாயகரிடம் இருக்கட்டும். மூன்றாம் நாள் விடிகாலை ஸ்ரீரங்கம், பத்து மணிக்கு அறை, மாலை துணிக்கடை. நான்காம் நாள் காலை தஞ்சாவூர், மதியம் திரும்பி ஓய்வு, மாலையில் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் விடிகாலை சமயபுரம், பிறகு பெட்டி கட்டி மாலை விமானம், இரவு மறுபடி நீர்கொழும்பு. ஆறாம் நாள் மலையேற்றம்.

இதில் மதுரை இல்லை, பழனி இல்லை, இராமேஸ்வரம் இல்லை. அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், "அவ்வளவு தூரம் போயிட்டுப் பழனிக்குப் போகலையா?" போகவில்லை என்று சொல்லுங்கள். பழனிக்கு இன்னொரு வருடம், அதற்கென்றே போகலாம்.

இந்த அட்டவணையில் அப்பாயிக்குக் காய்ச்சல் வந்தால் எதை வெட்டுவது என்பதையும் புறப்படும் முன்னாலேயே பேசி வையுங்கள். நான் வெட்டுவது தஞ்சாவூரை. அவரை அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவது என்ற யோசனை வந்தால், ஒருவர் கட்டாயம் அவரோடு இருக்க வேண்டும். தெரியாத ஊரில் வயதானவரைத் தனியே விடக்கூடாது.

திரும்பி வருவது

இரவு எட்டு மணிக்குப் பிறகு விமானம் இறங்கினால் அன்றே மலையேற வேண்டாம். குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் என்று வெளியே வரப் பத்து மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு சாரதி தூக்கக் கண்ணோடு கினிகத்தேனை வளைவுகளில் ஏற வேண்டியிருக்கும். வீட்டுக்குப் போக எல்லோரும் அவசரப்படுவார்கள், அப்போது ஒருவர் உறுதியாக நின்று வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காலையில் புறப்பட்டால் மதியம் வீடு. சுவெட்டர்களைப் பெட்டியின் அடியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கினிகத்தேனை தாண்டியதும் பிள்ளைகள் கேட்பார்கள். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்த நாள்தான் போகும்படி லீவைப் போட்டிருங்கள்.